மூன்றே முக்கால்

மார்ச் மாத வால்பராய்சோவில்
எங்கள் குன்றுக்கு நூற்றுப் பன்னிரண்டு படி.
எண்ணியது நானல்ல, மெத்தை.
ஒன்றுவிடாமல் முட்டி முட்டி
எனக்குக் கணக்கு ஒப்பித்துக்கொண்டே வந்தது.

பின்முனையைத் தாங்கியவன் நஹுவேல்,
பக்கத்து அறைக்காரன், கடலுயிரியல் இரண்டாம் ஆண்டு.
கூலி ஓர் எம்பனாடா என்று பேச்சு.
ஐம்பதாவது படியில் மெத்தையைச் சாய்த்துவைத்து
இரண்டு என்றான்.
நடுவழியில் நிற்பவளுக்கு ஏது பேரம்.

அறையைக் காட்டிய நாளில்
சென்யோரா ஓர்ஃபெலினா ஜன்னலைத் திறந்து
"காட்சியைப் பார்" என்றாள்.
கிரேன்கள், சரக்குப் பெட்டிகள்,
வெயிலில் அசையாத ஒரு போர்க்கப்பல்.
ஜன்னலைப் பார் என்று சொன்னால்
தரையைப் பார்க்கவேண்டும்.
கதவோரம் பேனாவைக் கீழே வைத்தேன்.
அது தானாகக் கிளம்பி
கட்டில் இருக்கவேண்டிய இடம்வரை போனது.

கட்டில் இல்லை.
கையில் அறுபதாயிரம் பெசோ.
சொல்லும்போது வாய் நிறையும், அவ்வளவுதான்.
மெத்தை முப்பத்தைந்தைத் தின்றது,
மின்னடுப்பு பதினெட்டை.
ஆனை வாங்கியாயிற்று, அங்குசத்துக்கு அழுகை:
விரிப்பில்லாமல் ஒன்பது இரவு
பிளாஸ்டிக் உறையோடே படுத்தேன்.
புரண்டால் மழை பெய்யும் சத்தம்.

காய்கறிக் கடையில் கெஞ்சி வாங்கிய
ஆப்பிள் பெட்டிகள் மூன்று, புத்தகங்களுக்கு.
நஹுவேல் அவற்றைச் சுவரில் அறைந்து
கம்பியால் இறுக்கினான்.
"நிலம் நடுங்கும் ஊரில்
கட்டாமல் வைத்தால் அது சாமானில்லை,
எறிகல்."

பிறகு ஞாயிற்றுச் சந்தை.
தரைப்போர்வைகளில் டிவி இல்லாத ரிமோட்டுகள்,
இடதுகால் சறுக்குச்செருப்பு மட்டும்,
யாரோ வென்ற கோப்பை.
ஒரு மேசை.
பன்னிரண்டாயிரம் என்றார் தொப்பிக்காரர்.
தொட்டேன், ஆடியது. பத்து என்றார்.
இன்னொரு தடவை தொட்டேன். ஏழு.
"ஒரு கால் குட்டை" என்றேன்.
"மற்ற மூன்றும் நெட்டை" என்றார், சிரிக்காமல்.
மூவாயிரத்துக்குத் தூக்கிக்கொண்டோம்.
அதற்குள் எம்பனாடாக் கடன் ஐந்தாகியிருந்தது.

அறையில் எங்கே வைத்தாலும் நொண்டி.
அட்டை மடித்து வைத்தோம்,
பழைய பாடப்புத்தகத்தை முட்டுக்கொடுத்தோம்,
அலுத்துப்போய்
கதவோரம் தள்ளிவிட்டு சூப் குடிக்க உட்கார்ந்தோம்.
கிண்ணத்தில் சூப் நேராக நின்றது.
பேனாவைத் துரத்திய அந்தத் தரைப்புடைப்பின் மேல்
குட்டைக்கால் ஏறி நின்றுகொண்டிருந்தது.
நஹுவேல் மூச்சுவிடவில்லை.
நான் சாக்பீஸ் எடுத்து
நான்கு கால்களையும் சுற்றி வட்டம் போட்டேன்.

ஆகஸ்டில் ஓர் இரவு மூன்று மணிக்கு
குன்று தோளைக் குலுக்கியது.
ஆப்பிள் பெட்டிகள் அசையவில்லை.
மேசை மட்டும் வட்டத்தைத் தாண்டியிருந்தது.
தெருவில் நாய்களும் அயலாரும்
இன்னும் கத்திக்கொண்டிருக்க,
கைபேசி வெளிச்சத்தில் முதல் வேலையாக
அதை வட்டத்துக்குள் தள்ளினேன்.
காலையில் தேர்வு. அதன் மேல்தான் படிக்கவேண்டும்.

டிசம்பரில் காலி செய்தேன்.
மேசையை எதிர்வீட்டு முதலாண்டுப் பெண்
மூவாயிரத்துக்கே வாங்கினாள்,
மறுநாள் கொண்டுவந்து வைத்தாள்:
"ஆடுகிறது."
காசைத் திருப்பிக் கொடுத்தேன்.

படிக்கட்டுச் சுவரில் புது அறிவிப்பு.
சென்யோராவின் கையெழுத்து.
சாமான்களுடன் கூடிய அறை. கடற்காட்சி.
சுவர் அலமாரி. மேசை, நல்ல நிலையில்.
வாடகை இருபதாயிரம் கூட.
இரண்டு முறை படித்தேன்.
பொய்யென்று ஒரு வார்த்தையும் சிக்கவில்லை.

"வட்டங்களை அழித்துவிட்டாயா?" என்றான் நஹுவேல்,
மெத்தையின் முன்முனையோடு, ஐந்து படி கீழே நின்று.
துணியை நனைத்து, முட்டிபோட்டு உட்கார்ந்ததுவரை
அவனிடம் சொன்னேன்.
மீதியைச் சொல்லவில்லை.

"இறக்குவதற்குக் கூலி கிடையாது" என்றேன்.
அவன் பதில் சொல்வதற்குள்
மெத்தை எங்களை இழுத்துக்கொண்டு
இரண்டிரண்டு படியாக எண்ணத் தொடங்கியது.